சிங்கப்பூரில் சமதளத்தில் மட்டுமே ரோடு சைக்கிள் ஓட்டிப் பழகியிருக்கிறேன். மலையும் ஆறும் உள்ள இடத்தில் நாலைந்து நாள் ஓட்ட எங்கே போகலாம்?

தைவானின் கிழக்குப் பள்ளத்தாக்குக்குப் போங்கள். வடக்கே ஹுவாலியென், தெற்கே தைதுங். நடுவில் ஏறக்குறைய 170 கிலோமீட்டர்.

தைவான் என்றதும் நம் சைக்கிள் நண்பர்கள் முதலில் சொல்வது வூலிங் என்ற மலைக் கணவாயைத்தான். 3,275 மீட்டர் உயரம். அதை ஏறியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தால் அது உங்களுக்கு இப்போது வேண்டாம் என்றே தோன்றுகிறது. நம் ஊரின் மிக உயரமான இடமான புக்கித் தீமா குன்றே 163 மீட்டர்தான். அங்கிருந்து நேராகப் போய் அப்படிப்பட்ட சாலையில் நின்றால், ஏறத் தொடங்கியபின் பாதியில் மனம் மாற வழியில்லை. பள்ளத்தாக்கு அப்படியல்ல. இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு, ஆற்றோடு சாலை. காலையில் எழுந்து கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து, இன்றைக்கு மலைப் பக்கம் திரும்பலாமா, ஆற்றோடு போகலாமா என்று அன்றன்றைக்கு முடிவு செய்துகொள்ளலாம். மலைக்குப் புதியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் நம்மிடமிருந்து நாலரை மணி நேர விமானப் பயணத்துக்குள் எனக்குத் தெரிந்து இல்லை.

நான் போனது 2019 நவம்பரில், தீபாவளி முடிந்த கையோடு. கூட வந்தவர் என் அக்கா கணவர். அத்தானுக்கு அப்போது 56 வயது. ஈசூனிலிருந்து மண்டாய் வழியாகக் கிராஞ்சி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த நீண்ட பயணம்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம். மேற்கே இருப்பது மத்திய மலைத்தொடர், 3,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள். கிழக்கே கடலோர மலைத்தொடர், அது தாழ்வானது. பூமியின் மேலோடு பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. கிழக்கு மலை பிலிப்பைன் கடல் தட்டைச் சேர்ந்தது, மேற்கு மலை யூரேசியத் தட்டைச் சேர்ந்தது. இரண்டும் முட்டிக்கொள்ளும் தையல்தான் இந்தப் பள்ளத்தாக்கு. பிலிப்பைன் கடல் தட்டு வருடத்துக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் நகர்ந்து வந்து முட்டுகிறது. ஆறு என்று ஒன்றில்லை, மூன்று இருக்கின்றன. வடக்கே ஹுவாலியென் ஆறு, நடுவில் சியூகுலுவான், தெற்கே பெய்னான். வரைபடத்தில் இந்த மூன்றையும் முதலில் பார்த்து வைத்துக்கொண்டால் பாதை தானாக மனதில் பதிந்துவிடும்.

சாலைகள் இரண்டு. 9ஆம் எண் நெடுஞ்சாலை அகலமானது, நேரானது, லாரிகளும் சுற்றுலாப் பேருந்துகளும் போவது. 193 என்பது பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரமாக, மலையடிவாரத்தைத் தொட்டுக்கொண்டு போகும் சின்னச் சாலை. முடிந்தவரை 193இல் போங்கள். ஹுவாலியென் நகரிலிருந்து 11ஆம் எண் சாலையில் தெற்கே வந்து, ஹுவாலியென் பாலத்தைத் தாண்டியதும் வலது பக்கம் திரும்பினால் அது கிடைக்கும். எல்லாரும் இடது பக்கம் கடலைப் பார்க்கப் போய்விடுவார்கள், அதனால் திரும்பிய ஐந்தாவது நிமிடத்திலேயே சத்தம் அடங்கிவிடும். சாலைக்கு மேல் மரங்கள் கவிந்திருக்கும். வலது பக்கம் ஆற்றுப் படுகை அரை மைல் அகலத்துக்குச் சாம்பல் நிறக் கூழாங்கல்லாகக் கிடக்கும், அதில் தண்ணீர் நாலைந்து நூலாகப் பிரிந்து ஓடும். ஏற்றங்கள் உண்டு, ஆனால் எல்லாம் குட்டை. நம் ஊர் மவுண்ட் ஃபேபர் குன்றை நிற்காமல் இரண்டு தடவை ஏறுவீர்கள் என்றால் போதும்.

முதல் நாள் இப்படியே போய் ருயிசுய் ஊரில் தங்குங்கள். 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். வழியில் குவாங்ஃபுவில் பழைய சர்க்கரை ஆலை இருக்கிறது, அங்கே ஐஸ்கிரீம் விற்கிறார்கள், நின்று சாப்பிடலாம். ருயிசுய்யில் வெந்நீர் ஊற்று உண்டு. தண்ணீரில் இரும்புச்சத்து அதிகம் என்பதால் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். பார்த்துத் தயங்காதீர்கள், அன்று ராத்திரி தொடை வலி குறைந்து தூங்கியதற்கு நான் அந்தத் தண்ணீருக்குத்தான் நன்றி சொல்வேன்.

இரண்டாம் நாள்தான் எனக்கு இந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்தது. கடலோர மலைத்தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகும் ஒரே ஆறு சியூகுலுவான். அந்த அறுப்பின் ஓரமாகவே ருயிசுய்யிலிருந்து கடல் வரை இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஒரு குறுகலான சாலை போகிறது. காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். மலைச் சரிவில் சாலை வளைந்து வளைந்து போக, கீழே ஆறும் அதே வளைவுகளைப் போட்டுக்கொண்டு வந்தது. பச்சை நிறத் தண்ணீர், நடுவில் வெள்ளைப் பாறைகள். ஒரு திருப்பத்தில் அத்தான் சைக்கிளை நிறுத்திவிட்டார். பஞ்சர் என்று நினைத்து நானும் நின்றேன். "தம்பி, சத்தத்தைக் கேளு" என்றார். மேலே மரத்தில் குரங்குகள், கீழே தண்ணீர், வேறு எதுவும் இல்லை. வண்டிச் சத்தமே இல்லாத சாலையில் அவர் சைக்கிள் ஓட்டியது அன்றுதான் முதல் தடவை. பத்து நிமிடம் அங்கேயே நின்றோம். கடைசியில் சாங்ஹொங் பாலம், அதற்கு அப்பால் பசிபிக். அதே வழியில் திரும்பி வாருங்கள். திரும்பும்போது இன்னொரு சாலை மாதிரி இருக்கும்.

மூன்றாம் நாள் ருயிசுய்யிலிருந்து சிஷாங், 55 கிலோமீட்டர் அளவில். யூலி ஊர் வரை இரண்டு வழி. 9ஆம் எண் சாலை வூஹே மேட்டின் மேல் ஏறிப் போகும். அங்கே கடகரேகைத் தூண் இருக்கிறது, தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. ஒரு சிறு பூச்சி கடித்த இலையில் தேன் மணம் வரும், அந்த இலையில் செய்யும் தேநீர் அந்த ஊருக்குப் பேர் போனது. பால் சேர்க்காமல் குடித்துப் பாருங்கள். ஏற வேண்டாம் என்றால் 193இல் ஆற்றின் மறுகரையாகப் போகலாம். யூலியிலிருந்து பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். சியூகுலுவான் ஆற்றின் மேல் பழைய ரயில் பாலம் வரும். தட்டுகள் இரண்டும் சந்திக்கும் இடம் அந்தப் பாலத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் நிலம் மெல்ல மேலே எழும்பிக்கொண்டே இருந்ததால் தண்டவாளத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்ததாம். பிறகு ரயிலை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மலை ஏறித்தான் ஆக வேண்டும் என்று ஆசை வந்தால் ஃபூலி பக்கத்தில் லியூஷிஷி மலை இருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் மலை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் லில்லிப் பூ பூக்கும். நான் போனபோது பூ இல்லை, ஆனாலும் ஏறினேன். அத்தான் கீழே ஒரு கடையில் இருந்துகொண்டார். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஏறியதைவிட இறங்கியதுதான் எனக்குப் பாடம். நமக்கு நீண்ட இறக்கம் பழக்கமில்லை, பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் விரல்கள் மரத்துப்போய் ரப்பர் கருகும் வாசனை வந்தது. நிறுத்திச் சக்கர விளிம்பைத் தொட்டால் சுட்டது. திருப்பத்துக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, திருப்பத்தில் விட்டுவிட வேண்டும். இதைக் கிளம்பும் முன் நம் ஊர் சவுத் போனா விஸ்தா சாலை இறக்கத்தில் பல தடவை பழகிக்கொள்ளுங்கள். ஏற்றத்துக்குக் காலைத் தயார்செய்வதைவிட இது முக்கியம். கியரும் பாருங்கள். பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரத்துக்கு 28 பல் என்றால் 32 அல்லது 34 பல் உள்ளதாக மாற்றிக்கொண்டு போங்கள், ஏறுவது இலகுவாகும்.

சிஷாங் அரிசிக்குப் பெயர் பெற்ற ஊர். வருடத்துக்கு இரண்டு போகம். நாங்கள் போனபோது சில வயல் அறுத்தாகிவிட்டது, சில வயல் தலைசாய்ந்து நின்றது. அத்தான் மன்னார்குடிப் பக்கத்தில் பிறந்து 24 வயதில் சிங்கப்பூர் வந்தவர். வைக்கோல் வாசனை வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதிப் பார்த்தார். "குட்டை நெல்லு, நல்லா முத்திருக்கு" என்றார். அன்று மதியம் மெல்லிய மரப்பெட்டியில் வைத்துத் தரும் சிஷாங் சாப்பாட்டில் அவர் கேட்டது வெறும் சோறுதான். அக்கா கட்டிக் கொடுத்த பருப்புப்பொடியைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். அந்தச் சோறு கொஞ்சம் ஒட்டும், பொடிக்கு அவ்வளவு பொருத்தம்.

அத்தான் சைவம் என்பதால் இதையும் சொல்கிறேன். தைவானில் சைவச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய. கடை வாசலில் நம் ஸ்வஸ்திகம் போன்ற குறி இருந்தால் பெரும்பாலும் பௌத்த சைவக் கடை, அங்கே வெங்காயம் பூண்டுகூடப் போட மாட்டார்கள். சின்ன ஊர்களில் ராத்திரி சீக்கிரம் மூடிவிடுவார்கள், ஆறரைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். தவறினால் செவன் இலெவனில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு கிடைக்கும்.

நாலாம் நாள் குவான்ஷான், லூயே வழியாகத் தைதுங். 50 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம்.

வடக்கிலிருந்து தெற்கே போகச் சொன்னதற்குக் காரணம் காற்று. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று முதுகில் தள்ளும். ஜூலை முதல் அக்டோபர் வரை சூறாவளி வரும் காலம், தவிர்த்துவிடுங்கள். சைக்கிளைக் கொண்டுபோக விருப்பமில்லை என்றால் ஹுவாலியென் ரயில் நிலையத்தின் அருகிலேயே ஜயண்ட் சைக்கிள் நிறுவனத்தின் கடையில் வாடகைக்குக் கிடைக்கும். தைதுங்கில் ஒப்படைக்கவும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம். காற்றடிக்கவோ தண்ணீர் பிடிக்கவோ காவல் நிலையங்களில் தயங்காமல் கேளுங்கள், பல நிலையங்களில் சைக்கிள்காரர்களுக்கென்றே பம்பு வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மறக்காது, நின்று கிளம்பும்போதுதான் மறக்கும். முதல் நாள் ஒரு கடையிலிருந்து கிளம்பி நான் பழக்கத்தில் இடது பக்கம் ஏறி, எதிரே வந்த வேனுக்கு நேராகப் போய்விட்டேன். அந்த ஓட்டுநர் நிறுத்தியதால் தப்பித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அத்தானும் நானும் "வலது" என்று ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

கடைசியாக, நான் சொன்னது 2019இல் பார்த்த பாதை. அந்த நிலம் அசைந்துகொண்டே இருக்கும் நிலம். 2022 செப்டம்பர் 18 நிலநடுக்கத்தில் யூலி பக்கத்துப் பாலங்கள் விழுந்தன. 2025 செப்டம்பரில், மலைச்சரிவால் ஆற்றில் உண்டான ஏரி நிரம்பி வழிந்து குவாங்ஃபு ஊருக்குள் சேறும் வெள்ளமும் புகுந்தது. பலர் இறந்தார்கள். 9ஆம் எண் சாலையின் மாதாயான் பாலமும் அடித்துச் செல்லப்பட்டது. அதனால் விமானச்சீட்டு வாங்கும் முன் சாலை நிலவரம் பாருங்கள். அங்கே போனதும் ஒவ்வொரு ராத்திரியும் தங்குமிடத்தில் மறுநாள் பாதையைக் காட்டிக் கேளுங்கள். ருயிசுய்யில் எங்கள் விடுதி அம்மா என் கைப்பேசி வரைபடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாளில் ஆற்றை வரைந்து, மண் சரிந்திருந்த இரண்டு இடங்களில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். மறுநாள் இரண்டும் அவர் போட்ட இடத்திலேயே இருந்தன.