ஆறு வருட வேலை போனபின் முதலில் என்ன செய்வது?

தம்பி, ஹட்டனில் ஆறு வருடம் பார்த்த வேலை போய்விட்டது, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நானும் மறைத்து, தினமும் பஸ் ஏறி நுவரெலியா போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தவன். வேலை போனதைவிட அந்த இரண்டு வாரம்தான் அதிகம் வலித்தது.

அப்புறம் பணம். இலங்கைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில் 5 வருடம் முடித்திருந்தால், மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை, அதாவது வேலை முடியும்போது முதலாளி தரும் தொகை. 30 நாளுக்குள் தரவேண்டும். முதலாளி உங்கள் பேரில் கட்டிய ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) இப்போதே விண்ணப்பிக்கலாம். ஓய்வுக்கால சேமிப்பான சேமலாப நிதி (EPF) பொதுவாக ஆண்களுக்கு 55 வயதில்தான். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். நீக்கியது அநியாயம் என்றால் 6 மாதத்துக்குள் வேலை வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போங்கள். வேலைக் கடிதமும் சம்பளச் சீட்டுகளும் பத்திரம்.