அயல்நாட்டுச் சிறையில் இருப்பவருக்காக ஓர் அரசு என்ன செய்ய முடியும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரு நாட்டில் நடக்கும் கைதுகள், சித்திரவதை பற்றி இன்னொரு நாடு வாய் திறந்தால், ‘எங்கள் உள்விவகாரத்தில் தலையிடாதீர்கள்’ என்கிறார்கள். சட்டப்படி யார் சொல்வது சரி?

பதில்: ஒரு நாட்டின் உள்நாட்டு அதிகார வரம்புக்குள் ஐ.நா. தலையிடக் கூடாது என்று ஐ.நா. சாசனத்தின் 2(7)ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். அதே சாசனத்தின் 55, 56ஆம் பிரிவுகளில், மனித உரிமைகள் மதிக்கப்படுவதற்காகச் செயல்படுவோம் என்று எல்லா உறுப்பு நாடுகளும் வாக்குறுதி தந்திருக்கின்றன. இந்த இரண்டும் 1946இலேயே நேருக்கு நேர் வந்தன. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் நடத்தப்படும் விதத்தை இந்தியா பொதுச் சபைக்குக் கொண்டுபோனது. விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான குழு வாதாடியது. தென்னாப்பிரிக்கா 2(7)ஐக் காட்டித் தடுத்துப் பார்த்தது. சபை அதை மீறித் தீர்மானம் நிறைவேற்றியது. 1993 வியன்னா உலக மாநாட்டில் 171 நாடுகள் ஒருமித்து ஏற்ற பிரகடனம், மனித உரிமைகளைக் காப்பது சர்வதேசச் சமூகத்தின் நியாயமான அக்கறை என்று எழுத்திலேயே பதிந்துவிட்டது. எனவே பேசுவது தலையீடு ஆகாது.

தூதரக அதிகாரிக்கு மட்டும் கூடுதலாக ஒரு கட்டு உண்டு. தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 41ஆம் பிரிவின்படி, அவர் தான் பணிபுரியும் நாட்டின் உள்விவகாரங்களில் தலையிடக் கூடாது. 9ஆம் பிரிவின்படி, காரணமே சொல்லாமல் அவரைத் திருப்பி அனுப்பலாம். அதனால் அனுபவமுள்ளவர்கள் தங்கள் நாட்டு விழுமியங்களைப் பற்றிப் பேசி நேரத்தைச் செலவிடுவதில்லை. எதிரே இருக்கும் அரசு எந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருக்கிறது, அதன் அரசியல் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் என்ன சொல்கின்றன என்று தேடி எடுப்பார்கள். ‘உங்கள் சட்டப்படி குறித்த காலத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தியிருக்க வேண்டும், ஏன் நிறுத்தவில்லை?’ என்ற கேள்விக்கு உள்விவகாரம் என்ற பதில் பொருந்தாது.

கேள்வி: மூடிய அறைக்குள் பேசுவதாகச் சொல்லும் அரசுகள் உண்மையில் ஏதாவது செய்கின்றனவா? பகிரங்கமாகக் கண்டிப்பது மேலில்லையா?

பதில்: இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் மூடிய அறைப் பேச்சு பலிக்க வேண்டுமானால், அதற்கு முன்பே மேசையில் வேலை நடந்திருக்க வேண்டும். அந்த வேலை ஒரு பக்கக் குறிப்பு. கைதியின் பெயர், நீதிமன்ற ஆவணத்தில் உள்ளபடி, அந்நாட்டு எழுத்திலேயே. பிறந்த தேதி, கைதான தேதி, சாட்டப்பட்ட சட்டப் பிரிவு, நீதிமன்றம், வழக்கு எண், சிறை, அடுத்த விசாரணை நாள், உடல்நிலை. பெயரில் ஓர் எழுத்து பிசகினால்கூட ‘அப்படி யாரும் எங்கள் சிறையில் இல்லை’ என்ற பதில் வந்து சேரும். அதைத் திருத்திக் கேட்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் பெயரை எடுக்கவே கூடாது. வெளிநாடு கைதிக்காகப் பேசியது என்பதையே தேசத்துரோகக் குற்றச்சாட்டாக மாற்றக்கூடிய இடங்கள் இருக்கின்றன.

அடுத்தது, என்ன கேட்பது. ‘அரசியல் கைதிகள் அனைவரையும் விடுதலை செய்யுங்கள்’ என்று கேட்டால் எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி குறித்துக்கொள்வார், அவ்வளவுதான். அது அவர் கையில் இல்லை. ஆனால் ஒரு மருத்துவரை உள்ளே அனுப்புவது, குடும்பத்தைப் பார்க்க விடுவது, தனிமைச் சிறையிலிருந்து மாற்றுவது போன்றவை அமைச்சரிடம் போகாமலே முடியக்கூடியவை. அங்கே தொடங்கி வழக்கறிஞர், ஜாமீன், விடுதலை என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு தேதி கேட்டு வாங்க வேண்டும்.

நேரமும் முக்கியம். தலைவர்களின் வருகைக்கு முந்தைய வாரங்களில், கடன் உதவியோ வர்த்தக உடன்பாடோ இன்னும் கையெழுத்தாகாத நிலையில் கேட்பதற்கு எடை உண்டு. கையெழுத்தான பிறகு அதே கோரிக்கை வெறும் மரியாதைப் பேச்சு. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ‘மனித உரிமை உரையாடல்’ பலவும் இப்படித்தான் வீணாகின்றன: இளநிலை அதிகாரி ஒருவர் நீண்ட பட்டியலைப் படிக்கிறார், எதிர்த்தரப்பு பெற்றுக்கொள்கிறது, ‘எழுப்பப்பட்டது’ என்று கோப்பில் ஏறுகிறது. கைதியின் நிலையில் எதுவும் மாறவில்லை. அதனால் மூன்று நான்கு பெயர்களை அமைச்சர் மட்டத்தில் எழுப்புவதே மேல்.

மரணதண்டனைக்கு நாள் குறித்துவிட்டார்கள், கைதி எங்கே என்றே தெரியவில்லை, கேட்ட கெடு முடிந்தும் பதில் வரவில்லை. இப்படிப்பட்ட கட்டங்களில் மௌனம் காப்பது தவறு. உடனே பகிரங்கமாகப் பேச வேண்டும். இடைப்பட்ட ஒரு வழியும் உண்டு, விசாரணையைப் பார்வையிடுவது. பல தூதரகங்கள் சேர்ந்து முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்கும். தனியாகப் போகிற நாட்டைக் குறிவைப்பது எளிது, பத்து நாடுகளை அப்படிச் செய்ய முடியாது. உள்ளே விட்டால் நீதிபதியிடமோ சாட்சிகளிடமோ பேசாமல், யார் என்ன சொன்னார், எந்த ஆவணம் மறுக்கப்பட்டது என்று நேரத்துடன் எழுதிக்கொள்வார்கள். விடாவிட்டால் வாசலில் நிற்பார்கள். 2009 டிசம்பரில் பெய்ஜிங்கில் சீன எழுத்தாளர் லியு சியாவ்போ விசாரணையின்போது பல நாட்டு அதிகாரிகள் அப்படித்தான் நின்றார்கள். அவருக்கு 11 ஆண்டு தண்டனை விழுந்தது. 2017இல் விடுதலை பெறாமலே இறந்தார். இந்த வழி தோற்கவும் செய்யும் என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் வாசலில் ஆட்கள் நிற்பது உள்ளே இருப்பவருக்கும் அவர் வீட்டாருக்கும் தெரியும். அதைச் சிறிதாக எண்ண முடியவில்லை.

கேள்வி: எல்லா நாடுகளுக்கும் ஐ.நா.வில் நடக்கும் மீளாய்வு என்பது என்ன? அதில் பொதுமக்கள் அமைப்புகள் பங்கேற்க முடியுமா?

பதில்: உலகளாவிய காலமுறை மீளாய்வு என்பது அதன் பெயர், 2008இல் தொடங்கியது. ஏறத்தாழ நாலரை ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டின் முறையும் வரும். ஜெனீவாவில் மூன்றரை மணி நேரம். அதற்குள் நூறு நாடுகள்கூடப் பேச வரும் என்பதால் ஒரு நாட்டுக்கு ஓரிரு நிமிடமே கிடைக்கும், சில பரிந்துரைகளைத்தான் சொல்ல முடியும்.

பொதுமக்கள் அமைப்பு தனியாக 2,815 சொற்களுக்குள், பல அமைப்புகள் சேர்ந்தால் 5,630 சொற்களுக்குள் அறிக்கை தரலாம். மீளாய்வுக்குப் பல மாதங்கள் முன்பே கெடு முடிந்துவிடும். அறிக்கையை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதுதான் பலர் செய்யும் பிழை. தலைநகரில் உள்ள தூதரகங்களுக்கு, மீளாய்வுக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பு, ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்று எடுத்துப் போங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் பரிந்துரையை நீங்களே எழுதிக் கொடுங்கள். வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘பரிசீலிக்கவும்’, ‘முயற்சிகளைத் தொடரவும்’ என்றால் எந்த அரசும் மகிழ்ச்சியாக ஏற்கும், எதுவும் செய்யாமலே நிறைவேற்றியதாகவும் சொல்லும். ‘இன்ன சட்டத்தின் இன்ன பிரிவை நீக்கவும்’ என்றால் அடுத்த சுற்றில் நீக்கினார்களா இல்லையா என்று ஒரே பார்வையில் தெரியும். அரசு ‘ஏற்கிறோம்’ என்றோ ‘குறித்துக்கொண்டோம்’ என்றோ பதில் தரும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் மறுப்பு என்றே பொருள். அதற்காகச் சோர வேண்டாம். அதே பரிந்துரையை அடுத்த சுற்றில் இன்னும் அதிக நாடுகள் சொல்லும்படி வேலை செய்யலாம்.

கேள்வி: ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் தீர்மானங்கள் யாரையும் கட்டுப்படுத்தாது என்றால், அவற்றுக்காக ஏன் இத்தனை போராட்டம்?

பதில்: கட்டுப்படுத்தாது என்பது சரி. ஆனால் ஆள், பணம், பணி எல்லையோடு ஒரு குழுவை அமைக்க அவற்றால் முடியும். இலங்கை பற்றிய 2021 மார்ச் தீர்மானம் 46/1இன் வலிமையான பகுதி அதன் கண்டன வாசகங்கள் அல்ல. எதிர்கால வழக்குகளுக்காக ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க மனித உரிமை ஆணையர் அலுவலகத்துக்கு அது தந்த அதிகாரம்தான். வரைவைப் படிக்கும்போது முகவுரையைக் கடந்து, ‘தீர்மானிக்கிறது’, ‘கேட்டுக்கொள்கிறது’ என்று தொடங்கும் பத்திகளுக்கு நேரே போங்கள்.

வாக்குக் கணக்கும் புரிந்துகொள்ள வேண்டியது. கவுன்சிலில் 47 நாடுகள். ஆதரவு எதிர்ப்பைவிட ஒன்று கூடினால் போதும். விலகி நிற்பவர்கள் கணக்கில் வருவதில்லை. 2022 அக்டோபர் 6 அன்று இலங்கை பற்றிய 51/1 தீர்மானம் 20 ஆதரவு, 7 எதிர்ப்பு, 20 விலகல் என்று நிறைவேறியது. அதே நாளில் சீனாவின் ஷின்ஜியாங் பகுதி நிலைமை பற்றி விவாதம் மட்டுமே கேட்ட முன்மொழிவு 17–19 என்று தோற்றது, 11 நாடுகள் விலகின. இரண்டுக்கும் கிடைத்த ஆதரவில் வித்தியாசம் மூன்று வாக்குகள், எதிர்ப்பில் பன்னிரண்டு. அதனால்தான் தீர்மானம் கொண்டுவரும் நாடுகள் தயங்குபவர்களிடம் போய் ‘ஆதரிக்க முடியாவிட்டாலும் எதிர்க்காதீர்கள்’ என்று கேட்கின்றன. அதற்கு விலையாக வாசகங்கள் மெலியும். எந்தச் சொல்லை விடலாம், எந்தப் பத்தியை உயிரே போனாலும் விடக்கூடாது என்று முதல் நாளிலேயே முடிவு செய்யாத குழு, கடைசி இரவில் முக்கியமானதையே இழந்துவிடும்.

கேள்வி: தனிமனிதர்கள் மீதான தடைகள் பலன் தருமா?

பதில்: விசா மறுப்பும் சொத்து முடக்கமும்தான் இந்தத் தடைகள். அமெரிக்கா 2016இலும், பிரிட்டன் 2020 ஜூலையிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரிலும் இதற்குச் சட்டம் செய்தன. தடை விதிக்கும் நாடுகளில் பணமோ பிள்ளைகளின் படிப்போ வைத்திருப்பவரை இது உறுத்தும், இல்லாதவரை உறுத்தாது. ஒன்றியத்தில் எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும் என்பதால் ஒரே நாடு முடக்கிவிடலாம். என்ன செய்தால் தடை நீங்கும் என்று சொல்லாமல் விதிப்பது பெருந்தவறு. நடத்தையை மாற்ற எந்தத் தூண்டுதலும் இருக்காது.

கேள்வி: எந்த அரசும் எடுத்துப் பேசாத ஒருவரின் குடும்பம் ஐ.நா.வை நேரடியாக அணுக முடியுமா?

பதில்: முடியும். இரண்டு வழிகள். ஒன்று மனித உரிமைக் குழு; இது கவுன்சில் அல்ல, குடியியல், அரசியல் உரிமை உடன்படிக்கையைக் கண்காணிக்கும் நிபுணர் குழு. அதனிடம் தனிநபர் புகார் தர, அத்தகைய புகார்களை அனுமதிக்கும் துணை ஒப்பந்தமான முதல் விருப்ப நெறிமுறையை அந்த நாடு ஏற்றிருக்க வேண்டும். உள்நாட்டு நீதிமன்ற வழிகளையும் முடித்திருக்க வேண்டும். முடிவுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகலாம்.

அவசரம் என்றால், கவுன்சில் நியமிக்கும் சுயேச்சை நிபுணர்களான சிறப்பு அறிக்கையாளர்களையும் பணிக்குழுக்களையும் அணுகுங்கள். 1980 முதல் காணாமல் ஆக்கப்பட்டோருக்கும், 1991 முதல் காரணமின்றி அடைத்துவைக்கப்பட்டோருக்கும் தனிக் குழுக்கள் இருக்கின்றன. பொதுவாக, இங்கே உள்நாட்டு வழிகளை முடித்திருக்கத் தேவையில்லை. யார், எப்போது, எங்கே, யாரால், இப்போது என்ன ஆபத்து என்பதை ஓரிரு பக்கத்தில், வசைச்சொல் இன்றி, நேரில் கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். செய்தித்தாள் செய்தியை மட்டுமே ஆதாரமாக வைத்தால் ஏற்க மாட்டார்கள். பாதிக்கப்பட்டவரின் பெயரை அரசுக்குத் தெரிவிக்கச் சம்மதமா என்ற கேள்விக்கு யோசித்துப் பதில் தாருங்கள்; சம்மதம் இல்லையென்றால் தனிப்பட்ட வழக்காக எழுப்புவது கடினம். அரசுக்குப் போகும் கடிதமும் அதன் பதிலும் பின்னர் வெளியிடப்படும். அந்தக் கடிதத்தின் பிரதியோடு தூதரகங்களைப் பாருங்கள். தயங்கிக்கொண்டிருந்த அதிகாரி ஒருவருக்கு, தன் மேலிடத்துக்கு எழுத அது போதிய காரணமாக அமையும்.