2 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்புக்கு லேசான, இஷ்டப்படி மாற்றிக்கொள்ளக்கூடிய பிரவுசர் எது?

ஃபயர்பாக்ஸ் போட்டு, அதில் விளம்பரத்தை வெட்டும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸும் ஆன்லைன் சேவையும் பார்க்கிற சின்னக் கடை என்னுடையது. பட்டா, வில்லங்கம், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். "பாபநாசம் பஸ்ஸு வந்துரும் அண்ணாச்சி, சீக்கிரம் எடுத்துத் தாங்க" என்று ஒருவர் நிற்கும்போது திரையில் வட்டம் சுற்றினால் எப்படி இருக்கும்? கடையின் இரண்டாவது மெஷின் உங்களுடையதைப் போலப் பழசுதான். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

இப்போது கனம் பிரவுசரில் இல்லை, நாம் திறக்கிற இணையப் பக்கத்தில்தான் இருக்கிறது. சைக்கிளில் நாலு மூட்டை அரிசியை ஏற்றிவிட்டு சைக்கிள் கனக்கிறது என்றால் எப்படி? 2018-இல் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபிறகு, குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி பிராசஸில், அதாவது தனக்கென்று மெமரி எடுத்துக்கொண்டு தனியாக ஓடும் நிரலில், அடைக்க ஆரம்பித்தது. 2021 வாக்கில் ஃபயர்பாக்ஸும் அதே வழிக்கு வந்தது. பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் ராமைத் தின்னும். ஒரு செய்திப் பக்கத்தின் நடுவே நாலு இடத்திலிருந்து விளம்பரச் சட்டம் வந்தால் அவற்றுக்கும் தனித்தனி பிராசஸ். விளம்பரத்தை வெட்டினால் அந்த பிராசஸ்களே பிறக்காது. யூபிளாக் ஆரிஜின் செய்கிற பெரிய உபகாரம் அதுதான். குரோமில் முழு யூபிளாக் 2025-இல் நின்றுபோய், இப்போது லைட் பதிப்பு மட்டும்தான். ஃபயர்பாக்ஸில் முழுசும் ஓடுகிறது.

எந்தப் பக்கம் தின்கிறது என்று பார்க்க, முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் அபவுட், முக்காற்புள்ளி, பிராசஸஸ் என்று அடியுங்கள். டேப் வாரியாக மெமரி கணக்கு வரும். தேவையில்லாததை அங்கேயே மூடலாம். 140-ஆம் பதிப்பிலிருந்து டேப்பின் மேல் வலது கிளிக் செய்தால், மூடாமலேயே மெமரியிலிருந்து இறக்கி வைக்கவும் வழி இருக்கிறது.

இஷ்டப்படி மாற்றுவதற்கு வருவோம். கருவிப்பட்டையில் பெரும்பாலான பொத்தான்களை இழுத்துக் கழற்றலாம். எங்கள் மெஷினில் புக்மார்க் பட்டையில் பட்டா, வில்லங்கம், கரண்ட் பில் என்று தமிழில் பெயர் போட்டு வைத்திருக்கிறேன், கடைப்பையன் கேட்காமலே அமுக்குவான். அபவுட் கான்ஃபிக் என்ற உள் அமைப்புப் பக்கத்தில் காம்பாக்ட் மோடைத் திறந்துவிட்டால் மேல்பட்டை ஒல்லியாகும், சின்னத் திரையில் அது பெரிய விஷயம். அதற்கு மேலும் வேண்டும் என்றால் யூசர்குரோம் என்று, ஃபயர்பாக்ஸின் தோற்றத்தை மாற்றும் ஒரு சிஎஸ்எஸ் கோப்பு எழுதி டேப் பட்டையையே மறைக்கலாம். எனக்கு அந்த அளவுக்குப் பொறுமை இல்லை.

விவால்டி என்ற பிரவுசரை எல்லோரும் சொல்வார்கள். மாற்றுவதற்கு அதை மிஞ்ச ஆள் இல்லை: டேப்பைப் பக்கவாட்டில் வைக்கலாம், அடுக்கலாம், மவுஸை அசைத்தே வேலை வாங்கலாம். ஆனால் அதன் முகப்பே வெப் நுட்பத்தில் கட்டியது, 2 ஜிபியில் மூச்சு வாங்கும். 8 ஜிபி இருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

டில்லோ, நெட்சர்ஃப் என்ற பிரவுசர்கள் இரண்டும் உண்மையிலேயே சின்னவை. டில்லோவில், பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்டே கிடையாது. அதை வைத்து விண்ணப்பம் போடவோ பேங்க் வேலை பார்க்கவோ முடியாது, வெறும் எழுத்துப் பக்கம் படிக்கலாம். இந்த மாதிரிச் சின்ன பிரவுசர் எதைப் போட்டாலும் முதலில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து "கொடுத்தான்" மாதிரி ஒரு சொல்லைப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் கழற்றிவிடுங்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸில் கீபோர்டிலேயே ஓட்டப் பிடிக்கும் என்றால் க்யூட்பிரவுசர் பாருங்கள். முகம் லேசு, உள்ளே குரோமில் இருக்கிற குரோமியம் எஞ்சின்தான், அதனால் ராமில் பெரிய மிச்சம் எதிர்பார்க்காதீர்கள்.

சில தளங்கள் ஃபயர்பாக்ஸில் முரண்டு பிடிக்கும். அதற்கென்று குரோமோ எட்ஜோ ஒன்றை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள்.

அப்புறம், உங்கள் லேப்டாப்பில் இன்னும் விண்டோஸ் 7 இருந்தால் குரோம் 2023-லேயே 109-ஆம் பதிப்போடு கைகழுவிவிட்டது. லுபுண்டு மாதிரி லேசான லினக்ஸுக்கு மாறுங்கள். திருநெல்வேலி டவுனிலோ வண்ணார்பேட்டையிலோ சர்வீஸ் கடைக்குப் போனால் அடிமூடியைக் கழற்றி இன்னொரு ராம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் பழைய 4 ஜிபி ஒன்றைக் கேட்டு மாட்டிவிடுங்கள்.