கேள்வி - பதில்: மெக்கர் சரி, காயில் சரியா?

கேள்வி: லைனில் ஷார்ட் ஆகி டிரான்ஸ்ஃபார்மர் டிரிப் ஆனது. மெக்கர் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளக்கும் கருவி) ரீடிங் நன்றாக இருக்கிறது. மறுபடி சார்ஜ் செய்யலாமா, அதாவது மின்சாரம் கொடுக்கலாமா?

பதில்: மெக்கரை மட்டும் நம்பிச் சார்ஜ் செய்ய வேண்டாம். ஷார்ட் ஆகும்போது காயில் மீதான விசை, மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். இம்பிடன்ஸ் (டிரான்ஸ்ஃபார்மரின் உள்தடை) 10 சதவீதம் என்றால் ஃபால்ட் கரண்ட் முழு லோடு கரண்டைப் போல 10 மடங்கு வரை போகும். முதல் உச்சத்தில் கரண்ட் அதையும் தாண்டுவதால், விசை முழு லோடில் இருப்பதைப் போல 300 மடங்கைத் தாண்டலாம். உள்ளே இருக்கும் எல்வி (குறை மின்னழுத்த) காயில் நடுவிலுள்ள இரும்புக் கோரை நோக்கி நசுங்கும், வெளியே இருக்கும் எச்வி (உயர் மின்னழுத்த) காயில் விரியப் பார்க்கும். செங்குத்து விசை இன்னும் பொல்லாதது: இரண்டு காயிலும் உயரத்தில் சற்று விலகியிருந்தாலே அந்த விலகலை மேலும் கூட்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மரில் பிரஸ்போர்டு (இன்சுலேஷன் அட்டை) சுருங்கி, காயிலைப் பிடித்திருக்கும் கிளாம்ப் இறுக்கம் தளர்ந்திருக்கும்.

காயில் வளைந்தாலும் இன்சுலேஷன் கிழியாதவரை மெக்கர் காட்டாது. ஃபேஸ்வாரியாக ஷார்ட் சர்க்யூட் இம்பிடன்ஸை அளந்து, அதே டேப்பில் எடுத்த பழைய அளவோடு ஒப்பிடுங்கள். 2 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் சார்ஜ் செய்யாமல், எஸ்எஃப்ஆர்ஏ (பல அதிர்வெண்களில் அளந்து காயில் நகர்ந்ததா என்று காட்டும்) சோதனைக்குச் சொல்லுங்கள்.