ரூக்கை வெட்டிக்கொள்ளும் முன்

அன்புள்ள சார்,
என் மகள் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் செஸ் போட்டியில் கடைசிச் சுற்றில் தோற்றுவிட்டாள். கருப்புக் காய்கள் அவளுக்கு. எதிராளிக்கு ராஜா டி5, சிப்பாய் இ5, ரூக் (கோட்டை) பி7. இவளுக்கு ராஜா எஃப்8, ரூக் ஜி6. இவள் ரூக்கை ஜி7ல் வைத்தாள், வெட்டிக்கொண்டார்கள், ஆட்டம் போய்விட்டது. கடிகாரத்தில் இன்னும் நேரம் இருந்தது. ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களைச் சொல்லித்தரும் நல்ல ஓப்பனிங் வகுப்பில் சேர்க்கலாமா?
ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

ஓப்பனிங் வகுப்பு இப்போது வேண்டாம். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் டிரா செய்யக்கூடிய இடம் வரைக்கும் உங்கள் மகள் ஆட்டத்தை இழுத்து வந்திருக்கிறாள், அது சின்ன விஷயமில்லை.

அந்த நிலையை வீட்டில் பலகையில் அடுக்குங்கள் (எழுத்து நெடுக்குக் கட்டங்களையும், எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்). அவளுடைய ரூக் ஆறாவது வரிசையில் நிற்கிற வரைக்கும் வெள்ளை ராஜா அந்த வரிசையில் கால் வைக்க முடியாது. அதனால் ரூக்கை எச்6, ஏ6 என்று அதே வரிசையில் நகர்த்திக் காத்திருந்தாலே போதும். பொறுமை இழந்து சிப்பாய் இ6க்கு வந்தால் வெள்ளை ராஜாவுக்கு ஒளிய இடம் போய்விடும், உடனே ரூக் முதல் வரிசைக்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். பிரெஞ்சு செஸ் மேதை பிலிடோர் 1777லேயே எழுதிவைத்த தற்காப்பு இது. நம் பிள்ளைகளுக்கு சிசிலியன் என்ற ஓப்பனிங்கில் பதினைந்து நகர்த்தல் மனப்பாடமாக இருக்கிறது, இது தெரிவதில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

அவள் ஜி7ல் வைத்ததும் ரூக்குகள் வெட்டுப்பட்டன, ராஜா ஜி7க்கு வந்தது, வெள்ளை ராஜா நேராக இ6. ஐந்தாவது வரிசைச் சிப்பாய்க்கு முன்னால் ராஜா ஆறாவது வரிசையில் ஏறிவிட்டால் யார் முறையாக இருந்தாலும் அந்தச் சிப்பாய் ராணியாகிவிடும். (ராஜா இ5, சிப்பாய் இ4, கருப்பு ராஜா இ7 என்றால் வேறு கதை: வெள்ளையின் முறை என்றால் டிரா, கருப்பின் முறை என்றால் தோல்வி. இதையும் அவளோடு ஆடிப் பாருங்கள்.)

காய் குறைந்தால் டிரா சுலபம் என்று அவள் நினைத்திருப்பாள் என்று தோன்றுகிறது. சிப்பாய் குறைவாக இருப்பவருக்கு ரூக்தான் உயிர். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டத்தின் 14ஆவது ஆட்டத்தில் குகேஷுக்கு எதிராக, அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரென் ஒரு சிப்பாய் குறைவாக, ஆனால் தாங்கக்கூடிய நிலையில் இருந்தார். 55ஆவது நகர்த்தலில் ரூக்கை எஃப்2க்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ள அழைத்தார். குகேஷ் வெட்டினார், அடுத்து பிஷப்பை டி5ல் வைத்தார், மூலையில் ஏ8ல் இருந்த டிங்கின் பிஷப்புக்குத் தப்ப வழியில்லை, அதுவும் மாறிவிட்டது. மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும்தான், குகேஷ் உலக சாம்பியன். உலக சாம்பியனாக இருந்தவருக்கே நேர்ந்தது என்று அவளிடம் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.

எஞ்சினை (நகர்த்தல்களைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரலை) போட்டுக் காட்டுவதற்கு முன்னால், ஜி7ல் வைக்கும்போது என்ன நினைத்தாய் என்று கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். அலுத்துப்போய் வைத்தாளா, பயந்து வைத்தாளா, கணக்குப் போட்டு வைத்தாளா என்பது எஞ்சினுக்குத் தெரியாது. இனி எந்தக் காயை மாற்றும் முன்பும், மாற்றியபின் மிஞ்சுவதை மட்டும் மனத்தில் அடுக்கிப் பார்க்கட்டும், அதற்குத்தான் கடிகாரத்தில் மிச்சமிருக்கும் நேரம்.

அடுத்த போட்டி முடிந்ததும், நகர்த்தல்களை எழுதிவைக்கும் ஸ்கோர் ஷீட்டை அனுப்புங்கள். காய் மாற்றிய இடங்களில் எல்லாம் ஏன் மாற்றினாள் என்று அவள் கையாலேயே ஓரத்தில் எழுதியிருக்க வேண்டும்.