கொரோனா போனது, கப்பலில் என்ன மிச்சம்? வாசகர் கேள்வி–பதில்

சொகுசுக் கப்பல் பற்றி கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் பயணம் போகிறவர்கள் கேட்டது பாதி, வேலைக்குப் போகிறவர்கள் கேட்டது பாதி. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

சென்னையிலிருந்து கப்பலில் இலங்கை போய்வர அப்பா, அம்மாவுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம். தடுப்பூசிச் சான்றிதழ், பரிசோதனை எல்லாம் இன்னும் கேட்கிறார்களா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பொதுவாக இல்லை. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலை நிறுத்திவைத்தபோது, உள்ளே இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று வந்தது. அடுத்த மாதமே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் கப்பல்கள் புறப்படத் தடை போட்டது. அதன்பின் படிப்படியாகத் தளர்த்தி, கப்பலுக்கென்று வைத்திருந்த கோவிட் திட்டத்தையே 2022 ஜூலை 18இல் முடித்துக்கொண்டது. இன்று மிஞ்சியிருப்பது ஏறும் முன் நிரப்பும் உடல்நலப் படிவம்: காய்ச்சல், வாந்தி, பேதி உண்டா என்பது. இருந்தால் மறைக்காதீர்கள். உள்ளே போய்த் தெரிந்தால் கேபினுக்குள்ளேயே அடைபட நேரலாம்.

பெற்றோரின் மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். துறைமுகத்தில் கொடுக்கும் பெட்டி கேபினுக்கு வந்துசேர மாலையாகலாம். அயர்ன்பாக்ஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் தீ அபாயம் என்று எடுத்துவைத்துக்கொள்வார்கள். கப்பல் டாக்டரைப் பார்த்தால் பில் பயணியின் கணக்கில் ஏறும். நம் வழக்கமான மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அங்கே செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது, நடுக்கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குமா என்று பாருங்கள். கரை தாண்டியதும் இருவர் போனையும் ஏரோபிளேன் மோடில் போடச் சொல்லுங்கள். கப்பலின் செல் நெட்வொர்க்கில் தானாக ஒட்டிக்கொண்டால் ரோமிங் பில் டிக்கெட் விலையோடு போட்டி போடும்.

லைஃப் ஜாக்கெட் மாட்டி டெக்கில் வரிசையாக நிற்கவைக்கும் பயிற்சி இப்போது செல்போனிலேயே முடிந்துவிடுகிறதாமே? ஆபத்தில்லையா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

போனில் பாதிதான் முடிகிறது. 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதியபோது, அன்று ஏறிய பயணிகளுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அப்போதைய விதி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றது. 2015 முதல் அது மாறி, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்றானது. ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் நிற்பதைக் கொரோனாவில் தவிர்க்க, ராயல் கரீபியன் கப்பல் நிறுவனம் 2020இல் பயிற்சியைப் பிரித்து அமைத்தது. மற்ற நிறுவனங்களும் பின்பற்றின.

நடைமுறை இது. ஏறியதும் ஆப்பிலோ கேபின் டிவியிலோ வீடியோ பார்க்க வேண்டும். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி என்ற அபாய சங்கை அதில் கேட்கவைப்பார்கள். அதன்பின் உங்கள் கப்பல் அட்டையில் அச்சிட்ட, ஆபத்தில் கூட வேண்டிய இடத்துக்கு, பி4, சி2 என்பதுபோல இருக்கும், நேரில் போக வேண்டும். ஊழியர் அட்டையை ஸ்கேன் செய்து, ஜாக்கெட்டைக் கட்டிக் காட்டுவார். ஐந்து நிமிஷ வேலை. வீடியோ மட்டும் பார்த்துவிட்டு நீச்சல் குளத்துக்குப் போகிறவர்களால்தான் தொல்லை. ஸ்கேன் ஆகாத பெயர்களை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள்.

எங்கள் அபிப்பிராயத்தில் ஒரு நஷ்டம் உண்டு. பழைய முறையில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து பார்த்த வழி கால்களுக்குப் பழகியிருந்தது. இப்போது லிஃப்டில் போய் ஸ்கேன் செய்துவிட்டு லிஃப்டிலேயே திரும்புகிறார்கள். சங்கு ஊதினால் லிஃப்டை நம்ப முடியாது. அதனால் ஒரு தடவையாவது கேபினிலிருந்து படிக்கட்டு வழியாக அந்த இடம்வரை, மாடிகளை எண்ணிக்கொண்டு நடந்து பாருங்கள். குழந்தைகள் இருந்தால் அவர்கள் அளவு ஜாக்கெட் கேபினில் இருக்கிறதா என்று அன்றே கேளுங்கள். சில நிறுவனங்கள் பழையபடி எல்லாரையும் கூட்டும் முறைக்கே திரும்பிவிட்டன, நல்லதுதான்.

இவ்வளவு சானிடைசர் வைத்தும் கப்பலில் வாந்தி பேதி பரவியதாகச் செய்தி வருகிறதே, எப்படி?
– வாசகர், லாஸ்பேட்டை

சானிடைசரை நம்பியதும் ஒரு காரணம். கொரோனா வைரஸுக்கு வெளியே கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்ததும் கிருமி செத்தது. கப்பலில் வாந்தி பேதியைக் கிளப்பும் நோரோவைரஸுக்கு அந்த உறை கிடையாது. ஆல்கஹால் தடவினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்தால் செத்துப்போகாவிட்டாலும் கையைவிட்டுப் போய்விடும். அதனால்தான் புதிய கப்பல்களில் பஃபே வாசலிலேயே வரிசையாகக் கைகழுவும் தொட்டிகள். பக்கத்தில் ஒரு ஊழியர் பாட்டுப் பாடிக்கூட அழைப்பார், கூச்சப்படாமல் கழுவுங்கள்.

கிருமி உள்ளே போன 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தி தொடங்கும். தொற்றுவதற்கு மிகச் சில வைரஸ் துகள்களே போதும். பஃபேயில் ஆபத்து சாம்பாரில் இல்லை, சாம்பார் கரண்டியின் பிடியில் இருக்கிறது. நூறு கைகள் தொட்ட பிடி அது. 2021இல் கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது பல கப்பல்களில் ஊழியரே பரிமாறினார்கள். பிறகு ஆள் செலவையும் வரிசையையும் பார்த்துப் பெரும்பாலும் கரண்டியைப் பயணி கையிலேயே திரும்பக் கொடுத்துவிட்டார்கள். எனவே உணவை எடுத்துவந்து வைத்துவிட்டு, மறுபடி கைகழுவிய பிறகு சாப்பிட உட்காருங்கள்.

யாராவது வாந்தி எடுத்தால் அந்த இடத்தை 1,000 முதல் 5,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) குளோரின் கரைசலால் துடைப்பார்கள். துடைத்த கையோடு காயவைத்துவிட்டால் பலனில்லை. சில நிமிஷம் ஈரமாகவே ஊற வேண்டும். அவசரத்தில் கோட்டைவிடுவது இங்கேதான். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில், பயணிகளிலோ ஊழியரிலோ 3 சதவீதம் பேருக்கு நோய்க்குறி தெரிந்தாலே அந்த விவரத்தை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் பொதுவில் வெளியிடும். அதுபோக, முன்னறிவிப்பில்லாத சுகாதாரச் சோதனையில் 100க்கு 85 அல்லது அதற்குக் கீழே வாங்கினால் கப்பல் தோல்வி. கப்பலை முன்பதிவு செய்யும் முன் அந்த மதிப்பெண்ணை அந்த மையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

காலை, மாலை இரண்டு வேளையும் கேபினைச் சுத்தம் செய்வார்கள் என்று பழைய பயணிகள் சொன்னார்கள். இப்போது ஒரு வேளைதானா?
– வாசகி, பண்ருட்டி

பல கம்பெனிகளில் ஒரு வேளைதான், டிப்ஸ் மட்டும் ஏறியிருக்கிறது. முகக்கவசம் போனது, இடைவெளி போனது, பரிசோதனை போனது. அச்சிட்ட மெனுவுக்குப் பதில் க்யூஆர், கையில் கொடுத்த தினசரி நிகழ்ச்சித் தாளுக்குப் பதில் ஆப், ஒரு வேளைச் சுத்தம் ஆகியவை போகவில்லை. கம்பெனிக்குக் காசு மிச்சம் பிடித்தவை தங்கிவிட்டன. தாள் வேண்டுமென்று வரவேற்பில் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

புதுச்சேரிக்குக் கப்பல் வந்தும் துறைமுகத்துக்குள் வரவில்லையே? படகில் இறங்குவது வயதானவர்களுக்குச் சரிப்படுமா?
– வாசகர், தேங்காய்த்திட்டு

வந்தது கோர்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ். 1990இல் கட்டிய கப்பல், நீளம் 211 மீட்டர். இன்றைய கணக்கில் சின்னக் கப்பல்தான். ஆனாலும் மணல் தூர்ந்துகொண்டே இருக்கும் நம் முகத்துவாரத்துக்கு அது மிகப் பெரியது. 2022 ஜூனில் புதுச்சேரி அரசு அனுமதி மறுத்ததால் பயணிகளை இறக்காமலே போனது. 2025 ஜூலையில் வந்தபோது கடலில் நங்கூரமிட்டுப் படகில் ஆட்களைக் கொண்டுவந்தார்கள்.

படகில் மாறும் இடத்தில் அலை படகைத் தூக்கித் தூக்கி இறக்கும். ஊழியர்கள் இரண்டு பக்கமும் முழங்கையருகே பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் பிடிக்கட்டும், நீங்கள் அவர்கள் கையைப் பற்றித் தொங்காதீர்கள். “இப்போ” என்று சொல்லும்போது ஒரே எட்டாக வைக்க வேண்டும், பாதியில் தயங்கினால்தான் கால் இடுக்கில் மாட்டும். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், பை தோளில். ஓர் அடி எடுத்துவைக்க முடியாதவரையும் சக்கர நாற்காலிக்காரரையும் கடல் பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை நம் கடலில் கேப்டன் இறங்குவதையே ரத்துசெய்ய வாய்ப்பு அதிகம்.

மகன் கேட்டரிங் முடித்திருக்கிறான். கொரோனாவுக்குப் பிறகு கப்பலில் ஆள் பற்றாக்குறை, 3 லட்சம் கொடுத்தால் உடனே வேலை என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

கொடுக்காதீர்கள். வேலை வாங்கித் தரக் கடலோடியிடம் கட்டணம் வாங்குவதைச் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தமும் இந்திய விதியும் தடுக்கின்றன. அந்தச் சர்வதேச ஒப்பந்தத்தின்படி மகன் கையிலிருந்து போகக்கூடியது பாஸ்போர்ட், சி.டி.சி. என்ற கடலோடிப் பதிவுப் புத்தகம், சட்டப்படியான மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு மட்டும். விசா செலவு கப்பல் முதலாளியுடையது. ஆட்களை அனுப்பும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் வேண்டும். எண்ணை வாங்கி, கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் தளத்தில் அது இன்று செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். அடுத்தவர் உரிம எண்ணைத் தன் விசிட்டிங் கார்டில் அடிப்பவர்கள் உண்டு. தளத்தில் இருக்கும் முகவரிக்கும் தொலைபேசிக்கும் நீங்களே பேசுங்கள்.

செய்ய வேண்டிய வரிசை: முதலில் பாஸ்போர்ட். பிறகு இன்டோஸ் எண், அதாவது இந்தியக் கடலோடிக்கான அடையாள எண். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் எஸ்.டி.சி.டபிள்யூ. (கடலோடிப் பயிற்சிக்கான சர்வதேச விதி) கேட்கும் அடிப்படைப் படிப்புகள்: கடலில் உயிர் பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் பொறுப்பும், இவற்றோடு கப்பல் பாதுகாப்புப் பயிற்சி. பயணிகள் கப்பலுக்குக் கூட்டத்தைக் கையாளும் பயிற்சியும் கேட்பார்கள். உயிர் பிழைத்தல், தீயணைப்பு இரண்டையும் ஐந்து ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். அடுத்து சி.டி.சி., அங்கீகாரம் பெற்ற மருத்துவரின் சான்று. மஞ்சள் காய்ச்சல் ஊசியைச் சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடலாம். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும், கடைசி வாரத்தில் ஓடினால் விமானம் போய்விடும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பலென்றால் கப்பல் ஊழியருக்கான சி1/டி விசா. எல்லா ஆவணத்திலும் பெயரும் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் உள்ளதுபோல ஓர் எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதிகம் தடங்கல் வருவது இனிஷியலில்தான்.

சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றாலோ, கையெழுத்தான வேலை ஒப்பந்தத்தைப் புறப்படும் முன் காட்டாவிட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

கணவர் கப்பலில் ஹவுஸ்கீப்பிங். இப்போது தினமும் வீடியோவில் பேசுகிறார், ஆனால் தூக்கமே இல்லை என்கிறார். ஏதாவது விதி உண்டா?
– வாசகி, பரங்கிப்பேட்டை

வீடியோ வந்த காரணம் செயற்கைக்கோள். முன்பு சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்ததை நம்பியதால் குரல் போய்வர அரை நொடிக்கு மேல் ஆனது. 2022 முதல் கப்பல்களில் பரவிய ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகிறது. அனுமதியில்லாத நாட்டின் கடல் எல்லைக்குள் அணைத்துவிடுவார்கள்; அன்று அழைப்பு வராவிட்டால் பதறாதீர்கள். ஊழியருக்கும் இணைய வசதி தர வேண்டும், கட்டணம் வாங்கினால் நியாயமாக இருக்க வேண்டும் என்று கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தில் செய்த திருத்தம் 2024 டிசம்பர் 23இல் நடைமுறைக்கு வந்தது.

தூக்கத்துக்கும் விதி உண்டு. பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கில் எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், எந்த 7 நாளிலும் 77 மணி நேரம் ஓய்வு. அந்த 10 மணியை இரண்டாகப் பிரிக்கலாம், ஒன்று தொடர்ச்சியாக 6 மணியாவது இருக்க வேண்டும். காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். சூபர்வைசர் சொன்னபடி நேரத்தைப் போட்டுக் கையெழுத்திடுவதால் வரும் வினை அது. ஓய்வுப் பதிவின் கையெழுத்திட்ட நகல் ஊழியருக்கு உரியது. உங்கள் கணவர் அதை மாதாமாதம் வாங்கி, உண்மையில் வேலை பார்த்த நேரத்தைத் தனியே ஒரு நோட்டில் குறித்துவைக்கட்டும். புகார் என்று வந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். 2020இல் ஜலேஷ் என்ற இந்தியக் கப்பல் நிறுவனம் மூடப்பட்டு, அதன் கர்ணிகா கப்பல் குஜராத்தின் அலங்கில் உடைக்கப்பட்டது. அப்படி முதலாளி கைவிட்டாலும் நான்கு மாதம்வரை சம்பளப் பாக்கியும் ஊர் திரும்பும் செலவும் கிடைக்க, ஒவ்வொரு கப்பலும் நிதிப் பாதுகாப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அது ஊழியர் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கும். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் தொடர்பு எண்ணும் அதிலேயே இருக்கும். அதைப் போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள்.