எஞ்சின் லைட் மினுங்கியது, கையில் நீளமான எஸ்டிமேட்: எதற்குச் சரி சொல்வது?

கேள்வி: என் பெட்ரோல் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே குலுங்க ஆரம்பித்தது. எஞ்சின் லைட் விட்டுவிட்டு மினுங்கியது. ஓரங்கட்டிவிட்டு ரெக்கவரி வண்டியை அழைத்தேன். அந்த டிரைவர் தனக்குத் தெரிந்த வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் அங்கிருந்து போன். கேடலிடிக் கன்வர்ட்டர், முன் பிரேக் பேட், டிஸ்க், டைமிங் பெல்ட் எல்லாம் மாற்ற வேண்டுமாம். இன்ஜெக்டர் க்ளீனிங், எஞ்சின் ஃப்ளஷ் செய்ய வேண்டுமாம். இன்றைக்கே சரி சொன்னால்தான் பார்ட்ஸ் வரவழைக்க முடியும் என்கிறார்கள். எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. எதை நம்புவது? நேர்மையான மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இன்றைக்கு எதற்கும் சரி சொல்லாதீர்கள். நிற்கிற வண்டி ஒரு நாள் கூடுதலாக நின்றால் எதுவும் ஆகிவிடாது.

நீங்கள் உடனே ஓரங்கட்டியது நல்ல காரியம். எஞ்சின் லைட் நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிப்போய்க் காட்டலாம். மினுங்கினால் ஓட்டவே கூடாது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியே போகிறது என்று பொருள். மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பது இதைத்தான். அந்தப் பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேடலிடிக் கன்வர்ட்டருக்குள் எரியும். உள்ளே சின்னச் சின்னத் துளைகளோடு ஒரு பீங்கான் கட்டி இருக்கிறது. அந்தச் சூட்டில் அது உருகிவிடக்கூடும். ஆகவே கன்வர்ட்டர் போய்விட்டது என்று அவர்கள் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம்.

ஆனால் அவர்கள் கொடுத்த பட்டியலில் முக்கியமான ஒன்றைக் காணோம். மிஸ்ஸிங் எதனால் வந்தது? தீப்பொறி வைக்கும் ஸ்பார்க் பிளக்கா, அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலா, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரா, சிலிண்டருக்குள் கம்ப்ரஷன் (அழுத்தம்) குறைவா? அதைச் சரி செய்யாமல் புது கன்வர்ட்டர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். வண்டியிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்று அது. காரணத்தை விட்டுவிட்டு அதை மட்டும் மாற்றச் சொல்பவர், ஒன்று தெரியாமல் சொல்கிறார், அல்லது தெரிந்தே சொல்கிறார். இரண்டுமே உங்களுக்கு ஆகாது.

போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதைச் சோதித்துப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" ஸ்கேனரில் வந்தது என்பார்கள். என்ன கோட் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்) வந்தது என்று எழுத்தில் வாங்குங்கள். பி0420 என்றால் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் சந்தேகப்படுகிறது. சைலன்ஸர் பைப்பில் ஓட்டை இருந்தாலும், ஆக்ஸிஜன் சென்சார் கெட்டிருந்தாலும் அதே கோட் வரும். கோட் என்பது காய்ச்சல் மாதிரி. உடம்பில் ஏதோ சரியில்லை என்று காட்டும், என்ன நோய் என்பதை மருத்துவர்தான் தேட வேண்டும். பி0302 என்று இருந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். அப்போது அந்தச் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதின் காயிலை இங்கே போட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். கோட் பி0303 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை இப்படியே மாற்றிப் பார்ப்பார்கள். பல வண்டிகளில் இதற்குச் சில நிமிடங்கள் போதும், புதுப் பாகம் எதுவும் வேண்டாம். இதைச் செய்தீர்களா என்று கேளுங்கள். செய்திருந்தால் உடனே பதில் வரும்.

இன்னொன்று. கோட் எதையும் அழிக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கோளாறு வந்த நொடியில் எஞ்சின் எவ்வளவு வேகத்தில் ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் கோடோடு சேர்த்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். அடுத்துப் பார்க்கும் மெக்கானிக்குக்குத் துப்பே இருக்காது.

சோதனைக்குத் தனியாகக் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். நம் பக்கத் தவறும் இதில் இருக்கிறது. ஸ்கேன் செய்வதற்கெல்லாம் காசா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கோளாறைத் தேடும் நேரத்துக்கு யாரும் கூலி தராததால், பாகத்தை விற்றால்தான் வருமானம் என்ற நிலைக்கு நல்ல ஷெட்களும் தள்ளப்படுகின்றன. சோதனைக்குத் தனி ரசீது வாங்கினால் முடிவு உங்கள் கைக்கு வந்துவிடும். ரிப்பேரை எங்கே செய்வது என்பதை அப்புறம் யோசிக்கலாம்.

பட்டியலில் மற்றவை. பிரேக் பேடு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். 'பத்து சதவீதம்தான் இருக்கிறது' என்பது பதிலே இல்லை. புதுப் பேடில் தேயும் பகுதி சுமார் 10 முதல் 12 மி.மீ. இருக்கும், 3 மி.மீ. அளவுக்கு வந்தால் மாற்றுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அளந்து காட்டச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் க்ளீனிங், எஞ்சின் ஃப்ளஷ் இரண்டும் வேண்டாம். வண்டியோடு வந்த கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. ஆயிலை விரலில் தொட்டுக் கறுப்பாக இருக்கிறது என்று காட்டினால் பயப்படாதீர்கள். ஓடுகிற எஞ்சினில் ஆயில் கறுக்கத்தான் செய்யும்.

டைமிங் பெல்ட் விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டு மறுத்துவிடாதீர்கள். சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை, வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, இது ஏமாற்று வேலை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பிஸ்டனையும் வால்வுகளையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கிற இந்த பெல்ட் முன்னறிவிப்பே இல்லாமல் அறுந்துபோகும். மூடிக்குள் இருப்பதால் வெளியிலிருந்து தெரியாது. சில எஞ்சின்களில் அது ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது, தவறான ஆயில் ஊற்றினாலே பெல்ட் உதிர ஆரம்பிக்கும். ஓடும்போது அறுந்தால், பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வுகளில் மோதும். வால்வு வளைந்துவிடும், எஞ்சின் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். பெல்ட்டுக்கு ஆகும் செலவு அதன் பக்கத்திலேயே வராது. ஆகவே கையேட்டை எடுங்கள். உங்கள் எஞ்சினில் பெல்ட்டா, செயினா? செயின் என்றால் கெடு வைத்து மாற்றும் பேச்சே பெரும்பாலும் இல்லை. பெல்ட் என்றால் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருஷம், எது முந்துகிறதோ அது என்று போட்டிருப்பார்கள். வருஷக் கணக்கை மறந்துவிடாதீர்கள். குறைவாக ஓடிய வண்டியிலும் ரப்பருக்கு வயதாகும். பழைய வண்டியாக வாங்கி, மாற்றிய ரசீது கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், அதே பெல்ட்டில் ஓடுகிற வாட்டர் பம்ப் ஆகியவற்றையும் மாற்றச் சொன்னால் அது நியாயம்தான். இப்போது விட்டுவிட்டால், பிறகு அவற்றுக்காகவே எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

இனி எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வண்டி அந்த வொர்க்‌ஷாப்புக்குப் போனது ரெக்கவரி டிரைவர் சொல்லித்தான். கொண்டுவந்து விடுகிற ஒவ்வொரு வண்டிக்கும் கமிஷன் கொடுக்கிற இடங்கள் உண்டு. அந்தக் கமிஷன் கடைசியில் உங்கள் பில்லில் ஏறும். நடுரோட்டில் பதறி நிற்கிறவரிடம் 'நமக்குத் தெரிந்த இடம் சார், நான் சொல்லிவிடுகிறேன்' என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எங்கே இறக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள். முடிவு செய்ய முடியாவிட்டால் வண்டி வீட்டு வாசலுக்கே வரட்டும். பெரிய சர்வீஸ் சென்டர் என்றால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதீர்கள். உங்களிடம் பேசுகிற அட்வைசர் பெரும்பாலும் ஸ்பேனர் பிடிப்பவர் இல்லை. பல இடங்களில் மாதம் இவ்வளவு விற்க வேண்டும் என்று அவர் தலையில் இலக்கு வைக்கிறார்கள். அவரையே ஆலோசகர் என்று நம் முன்னால் உட்கார வைப்பது எந்த விதத்தில் நியாயம்? வண்டி பார்த்த மெக்கானிக்கிடம் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். இலவசச் செக்கப் என்ற அறிவிப்பையும் நம்பாதீர்கள். அங்கே சோதிப்பவரின் கூலி அவர் கண்டுபிடிக்கும் கோளாறிலிருந்துதான் வர வேண்டும்.

நல்ல மெக்கானிக்கை வண்டி ஓடுகிற நிலையில் இருக்கும்போதே தேடி வையுங்கள். வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். ஒரு நாள் வண்டி நின்றாலும் அவர்களுக்கு வருமானம் போகும், அதனால் ஏமாற்றுகிற ஷெட்டுக்கு இரண்டாம் முறை போகமாட்டார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுண்டரில் கேளுங்கள். ஊகத்தில் பாகம் வாங்கிப்போய், ஒத்துவரவில்லை என்று திருப்பித் தருகிறவர் யார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பெயர் கிடைத்ததும் ஆயில் மாற்றுவது போன்ற சின்ன வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கவனிக்க வேண்டியவை இரண்டுதான்: "இது இப்போதைக்கு வேண்டாம், இன்னும் ஓடும்" என்று அவர் வாயிலிருந்து வருகிறதா? கோளாறு சொன்னால் உங்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறாரா? இரண்டும் இருந்தால் தைரியமாக விடலாம்.

உங்கள் வண்டிக்கு நாளை செய்ய வேண்டியது இது. காலையில் நேரில் போங்கள். கோட், பேடின் அளவு, மிஸ்ஸிங்குக்கு என்ன காரணம் ஆகியவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்து, காயிலோ பிளக்கோ என்று காரணமும் காட்டினால் முதலில் அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பாகம் திரும்ப வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே, வேலை விவரம் எழுதுகிற ஜாப் கார்டில் குறிக்கச் சொல்லுங்கள். குலுக்கல் நின்றபின் சில நாள் ஓட்டுங்கள். அப்போதும் பி0420 வந்தால் சைலன்ஸர் பைப்பையும் சென்சாரையும் சோதித்துவிட்டு, அப்புறம் கன்வர்ட்டரைப் பற்றிப் பேசலாம். எழுதித் தர மறுத்தால், இதுவரை பார்த்ததற்கான கூலியைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பாகங்கள் எல்லாம் வண்டியில் திரும்ப ஏறியதா என்று பார்த்து, கிலோமீட்டர் மீட்டரையும் எஞ்சின் பகுதியையும் போட்டோ எடுங்கள். பிறகு நீங்களே அழைத்த ரெக்கவரி வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுவந்துவிடுங்கள். குலுங்குகிற வண்டியை அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வர வேண்டாம்.